மின்சாரம் விற்பவர் ஏன் பணம் தருகிறார்?

உங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருநாள் உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, இனிமேல் என் கடையில் பாதிச் சாமான்தான் வாங்கவேண்டும். அப்படி வாங்கினால் மாதம் நூறு ரூபாய் தருகிறேன்" என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெரிய மின்சாரக் கம்பெனிகள் பல ஆண்டுகளாக ஏறத்தாழ இதையே செய்துவந்திருக்கின்றன. புதிதாக அலுவலகமோ, கடையோ, ஆஸ்பத்திரியோ கட்டுகிறவர், சட்டம் கேட்பதைவிடக் குறைவாக மின்சாரம் செலவாகும்படி கட்டினால், மின்சாரம் விற்கும் கம்பெனியே அவருக்குப் பணம் கொடுத்தது. இதற்கு ஊக்கத்தொகை என்றும் தள்ளுபடி என்றும் பெயர்.

விற்பவர் தம் சரக்கை வாங்காதே என்று காசு கொடுப்பதா? இந்தப் புதிருக்கு விடை பாதி பௌதிகத்திலும் பாதி கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. பௌதிகத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவரும் ஒரு பௌதிக ஆசிரியர்தான்.

வெள்ளிக்கிழமை இரவு

ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்பவர் அணுத்துகள் ஆராய்ச்சியாளர். என்ரிகோ ஃபெர்மியின் மாணவராகச் சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு பெர்க்லியில், நோபல் பரிசு பெற்ற லூயி ஆல்வரஸின் குழுவில் பணிபுரிந்தார். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குப் புறப்பட்ட ரோசன்ஃபெல்ட் தம் மாடியைத் திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லாத 20 அறைகளிலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை காலைவரை அவை எரியும். இதற்கு எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டார். அறைக்கு 5 காலன் பெட்ரோலுக்குச் சமம். 20 அறைகளுக்கு 100 காலன். நம் கணக்கில் சுமார் 380 லிட்டர்!

அணைத்துவிடலாம் என்று போனால் சுவிட்சுகளைக் காணோம். சில பைல் அலமாரிகளுக்குப் பின்னால், சில புத்தக அடுக்குகளுக்குப் பின்னால், சில சுவரொட்டிகளுக்கு அடியில். தேடி அணைத்து முடிக்க 20 நிமிடம் ஆயிற்று. (சிரிக்கவேண்டாம். நான் பாடம் நடத்தும் அறையிலும் ஒரு சுவிட்சுப் பலகை பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைப் போட எங்கள் சோதனைச்சாலை உதவியாளர் ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறார்.)

அன்றிரவு அவருக்கு ஒன்று விளங்கியது. மின்சாரத்தை வீணாக்கியவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் மட்டுமல்லர், கட்டடத்தை வரைந்தவரும்தான். 1974 முதல் அவர் துகள் ஆராய்ச்சியை மெல்ல விட்டு, கட்டடங்களின் பௌதிகத்துக்கு வந்துவிட்டார். நண்பர்கள் இது நோபல் பரிசு தரும் துறையல்ல என்று எண்ணியிருக்கலாம். ஆனால் 2017-இல் அவர் மறைந்தபோது, உலகில் மிக அதிக மின்சாரத்தை மிச்சப்படுத்திய பௌதிக அறிஞர் என்று சொல்லத்தக்கவராக இருந்தார்.

கண்ணாடியும் சூரியனும்

ஒரு அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. பரப்பு 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4 மணி. சாய்ந்த சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 600 வாட் ஆற்றல் விழுகிறது. சாதாரணத் தெளிவான கண்ணாடி அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை, அதாவது 480 வாட்டை, உள்ளே விடும். உள்ளே வந்த ஒளி மேஜை, நாற்காலி, தரை ஆகியவற்றில் பட்டு வெப்பமாகிறது.

இப்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சூரியக் கதிர்வீச்சில் நம் கண்ணுக்குப் புலனாவது சுமார் பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். நமக்கு வெளிச்சம் வேண்டும்; அகச்சிவப்பு வேண்டாம். இரண்டையும் பிரிக்க முடியுமா? முடியும். கண்ணாடியின் மேல் மிக மெல்லிய வெள்ளிப் படலம் ஒன்றைப் பூசினால், அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் கடத்திவிட்டு, நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பைத் திருப்பியனுப்பிவிடும். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். பூச்சின் தடிமனையும் அடுக்கையும் தக்கபடி அமைத்தால், சூரிய ஆற்றலில் 30 விழுக்காடு மட்டுமே உள்ளே வரும். அறையோ போதிய வெளிச்சத்துடன் இருக்கும். இப்படிப்பட்ட சன்னல்களை வளர்த்தெடுத்ததில் ரோசன்ஃபெல்டின் பெர்க்லி சோதனைச்சாலைக்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்கைத் தொடர்வோம். 600 வாட்டில் 30 விழுக்காடு 180 வாட். எனவே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 300 வாட் வெப்பம் குறைகிறது. 500 சதுர மீட்டருக்கு 1,50,000 வாட், அதாவது 150 கிலோவாட். இந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதன எந்திரத்துக்கு இவ்வளவு மின்சாரம் தேவையில்லை. எந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; உள்ளிருந்து வெளியே இறைக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதைப் போலத்தான். ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தை இறைக்கும் எந்திரம் என்று கொண்டால், மிச்சமாகும் மின்திறன் 50 கிலோவாட்.

குளிர்சாதன எந்திரங்களை 'டன்' கணக்கில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது எந்திரத்தின் எடை அன்று. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ அந்த வேகத்தில் குளிர்விக்கும் திறன்தான் ஒரு டன். பனிக்கட்டியின் உருகல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 3,34,000 ஜூல். பெருக்கி 86,400 வினாடியால் வகுத்துப் பாருங்கள், சுமார் 3.5 கிலோவாட் வரும். ஆக, நம் கட்டடத்துக்கு வாங்கவேண்டிய எந்திரத்தில் 43 டன் குறைந்துவிட்டது!

விளக்குகளிலும் இதே இரட்டை லாபம். அறைக்குள் எரியும் விளக்கின் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகிறது. அதை வெளியே இறைக்க மேலும் மூன்றில் ஒரு வாட் தேவை. எனவே குளிர்சாதனம் ஓடும் கட்டடத்தில் ஒரு வாட் விளக்கைக் குறைத்தால் மிச்சம் ஒன்றேகால் வாட்டுக்கும் மேல். எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இந்தக் கணக்கு எளிதாகிவிட்டது.

காற்றைத் தள்ளும் விசிறிகளின் கணக்கு இதைவிடச் சுவையானது. ஒரே குழாய் அமைப்பில், விசிறிக்குத் தேவையான திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் திறன் 0.8 × 0.8 × 0.8 = 0.512, கிட்டத்தட்டப் பாதி! கட்டடத்தில் வெப்பம் குறைந்தால் காற்று குறைவாகப் போதும். காற்று குறைந்தால் விசிறியின் செலவு இப்படிச் சரிகிறது. ஒரு மாற்றம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா?

கம்பெனியின் கணக்கு

மாலை 4 மணி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோடைகாலத்தில், எல்லா அலுவலகங்களும் ஒரே நேரத்தில் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓட்டும் நேரம் அது. மின்சாரத்தை அரிசிபோல் மூட்டை கட்டி அடுக்கிவைத்துப் பிறகு விற்பது சுலபமன்று. கேட்கும் வினாடியிலேயே உற்பத்தி செய்தாகவேண்டும். ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் மட்டும் வரும் இந்த உச்சத் தேவைக்காக, மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும் மின்நிலையத்தைக் கட்டிவைக்கவேண்டும். (இன்று கலிபோர்னியாவில் சூரிய மின்பலகைகள் பெருகிவிட்டதால் நெருக்கடி நேரம் சூரியன் மறைந்தபின் வரும் மணிகளுக்கு நகர்ந்திருக்கிறது. மின்கலங்களும் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் விலை கொடுக்கவேண்டும். நேரம்தான் மாறியது, நெருக்கடி மாறவில்லை.)

ஒரு கிலோவாட் புதிய மின்நிலையம் கட்ட 1000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நம் கட்டடம் மிச்சப்படுத்தும் 50 கிலோவாட்டை நிலையத்திலிருந்து கொண்டுவர, கம்பி இழப்பையும் சேர்த்தால் சுமார் 55 கிலோவாட் உற்பத்தித் திறன் வேண்டும். அதாவது 55,000 டாலர். இதற்குப் பதிலாகக் கட்டடக்காரருக்கு 15,000 டாலர் கொடுத்து நல்ல கண்ணாடி போடச் சொன்னால் கம்பெனிக்கு லாபம்தானே? கட்டடத்தின் சுவருக்குள்ளேயே ஒரு சிறு மின்நிலையம் கிடைத்த மாதிரி. அதற்கு எரிபொருளும் வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கம்பெனியின் வருமானம் விற்ற யூனிட்டுகளைப் பொறுத்தது. விற்பனை குறைந்தால் லாபம் குறையும். எந்த அதிகாரி விரும்புவார்? கலிபோர்னியா 1982-இல் மின்சாரக் கம்பெனிகளுக்கு இந்த முடிச்சை அவிழ்த்தது. கம்பி, கம்பம், கடன் வட்டி, நியாயமான லாபம் ஆகியவற்றுக்குக் கம்பெனிக்கு ஆண்டுக்கு இவ்வளவு தேவை என்று அரசின் ஆணையம் முன்கூட்டியே நிர்ணயிக்கும். விற்பனை குறைந்து அந்தத் தொகை வராவிட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணம் சற்று ஏறும். கூடுதலாக வந்துவிட்டால் கட்டணம் இறங்கும். இதனால் அதிகம் விற்பதில் லாபமும் இல்லை, குறைவாக விற்பதில் நட்டமும் இல்லை. 1990 முதல் இன்னும் ஒருபடி மேலே போய், மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கைக் கம்பெனியே லாபமாக எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். மளிகைக் கடைக்காரருக்குப் பைத்தியமில்லை என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஊக்கத்தொகைக்கான பணம் வானத்திலிருந்து விழவில்லை. 1998 முதல் 2011 முடிய எல்லா வாடிக்கையாளர்களின் மின் ரசீதிலும் இதற்கென ஒரு சிறு தொகை சேர்க்கப்பட்டது. கூரை வீட்டில் இருப்பவரும் கொடுத்தார், கோபுரம் கட்டியவர் வாங்கிக்கொண்டார். இது நியாயமா என்று கேட்டால், மின்நிலையம் கட்டியிருந்தால் எல்லாரும் அதைவிட அதிகம் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் பதில். இந்தப் பதில் கணக்குச் சரியாக இருக்கும்வரை மட்டுமே செல்லும். ஆகவே கணக்கைப் பார்ப்பது அவசியமாகிறது.

இல்லாத கட்டடத்தின் மின் ரசீது

பழைய கட்டடம் என்றால் போன ஆண்டு ரசீதையும் இந்த ஆண்டு ரசீதையும் ஒப்பிடலாம். புதுக் கட்டடத்துக்கு ஏது போன ஆண்டு? எதைவிடக் குறைவு என்று சொல்வது? இங்கேதான் கணிப்பொறி வருகிறது.

1978-இல் கலிபோர்னியா தன் கட்டடங்களுக்கு ஆற்றல் விதிகளை வகுத்தது. சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தகுதி. ஊக்கத்தொகை கேட்கும் கட்டடத்துக்குக் கணிப்பொறியில் ஒரு இரட்டைப் பிள்ளையை உருவாக்குவார்கள். அளவும் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரட்டை, சட்டம் கேட்பதை மட்டும் செய்து கட்டியது. இருவரையும் ஓர் ஆண்டின் 8760 மணி நேரமும், மணிக்கு மணி, அந்த ஊரின் வெயிலிலும் காற்றிலும் நிறுத்திப் பார்ப்பார்கள். இதற்காகக் கலிபோர்னியாவை 16 தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மூடுபனி படரும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒரு கணக்கு. பாலைவனத்துக்கு வேறு கணக்கு. இந்த வேலைக்கான முன்னோடிக் கணிப்பொறி நிரல்களுள் ஒன்று ரோசன்ஃபெல்டின் சோதனைச்சாலையில் 1970-களின் இறுதியில் உருவானதுதான். இரண்டு ஆண்டுச் செலவுகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தொகை. 1990-களின் இறுதியில் தொடங்கிய 'சேவிங்ஸ் பை டிசைன்' என்ற திட்டம் இந்த முறையில் நடந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: பணம் கட்டடச் சொந்தக்காரருக்கு மட்டும் போகவில்லை, வரைபடம் போட்ட கலைஞருக்கும் பொறியாளர்களுக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. ஏன்? நம் உதாரணத்துக்கே திரும்புவோம். 43 டன் எந்திரம் குறைந்ததே, அந்தப் பணத்தில் கண்ணாடியின் கூடுதல் விலையில் பெரும்பகுதி, சில வேளை முழுவதுமே, வந்துவிடும். பிறகு எதற்கு ஊக்கத்தொகை? யாரும் சொல்லாமலே செய்திருக்கவேண்டாமா?

செய்யமாட்டார்கள். கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். எந்திரத்தின் அளவைக் கணக்கிடுபவர் இன்னொருவர். இரண்டாமவரிடம் வரைபடம் போகும்போது கண்ணாடி முடிவாகியிருக்கும். எந்திரம் பெரிதாக இருந்தால் அவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். சிறிதாகி அறை வெந்தால் அவர் தலைதான் உருளும். எனவே எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்தே போடுவார். கட்டுகிறவர் ஒருவர், வாடகைக்கு வந்து மின் ரசீது கட்டுகிறவர் வேறொருவர். சொந்தக்காரர் நல்ல கண்ணாடிக்குச் செலவிட்டால் பலன் குடித்தனக்காரருக்கு! இந்தச் சிக்கலை எந்தப் பௌதிக விதியும் தீர்க்காது. எல்லாரையும் முதல் நாளே ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஊக்கத்தொகை அந்தக் காரணமாயிற்று.

முதல் நாளே என்பதும் முக்கியம். விளக்கைப் பத்து ஆண்டில் மாற்றலாம், எந்திரத்தை இருபதில் மாற்றலாம். கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்பதை யார் மாற்றுவது?

குறைகள் இல்லாமலில்லை. ஊக்கத்தொகை இல்லாவிட்டாலும் நல்ல கண்ணாடியே போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அத்தகையோரின் பங்கைக் கணக்கிட்டு, திட்டத்தின் பலனிலிருந்து கழிக்கத் தனி ஆய்வாளர்கள் உண்டு. அடுத்து, கணிப்பொறியில் இருக்கும் மனிதர்கள் சரியாக மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வீடு போவார்கள். உண்மை மனிதர்கள் அப்படியல்லர். ஆகவே வாக்களித்த மிச்சமும் மீட்டரில் கண்ட மிச்சமும் பல வேளைகளில் பொருந்துவதில்லை.

ஆனாலும் ஓர் ஏணிப்படி முறை இதில் இருக்கிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூரையைப் பாருங்கள். முதலில் ஆராய்ச்சி, பிறகு ஊக்கத்தொகை, பழகியபின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் தட்டையான கூரையுடைய வணிகக் கட்டடங்களுக்கு அதுவே விதியாயிற்று. சட்டமான பொருளுக்கு ஊக்கத்தொகை கிடையாது. இரட்டைப் பிள்ளையும் இப்போது வெள்ளைக் கூரை போட்டுக்கொண்டுவிட்டான்! பரிசு வேண்டுமானால் அடுத்த படி ஏறவேண்டும். கூரையின் வெண்மையையும் புதிதாக இருக்கும்போது அளப்பதில்லை. மூன்றாண்டு வெயிலும் தூசியும் பட்டபின் எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்பதையே பார்க்கிறார்கள். நம் பாட்டிமார் மொட்டை மாடிக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது இதனால்தானோ என்னவோ.

கலிபோர்னியாவில் ஒருவர் ஆண்டுக்குச் செலவிடும் மின்சாரம் 1970-களின் நடுவிலிருந்து சுமார் 7000 யூனிட்டிலேயே நெடுங்காலம் நின்றது. இதே காலத்தில் அமெரிக்கா முழுவதற்குமான சராசரி சுமார் 12,000-ஐ எட்டியது. இதை ரோசன்ஃபெல்ட் விளைவு என்பார்கள். முழுப் பெருமையும் விதிகளுக்கும் ஊக்கத்தொகைக்கும் உரியதன்று என்பது என் கருத்து. அங்கே கடற்கரைத் தட்பவெப்பம் மிதமானது, கட்டணம் அதிகம், மின்சாரம் விழுங்கும் ஆலைகள் குறைவு. ஆனால் ஒரு பகுதி நிச்சயம் இவற்றைச் சாரும்.

இந்தியாவில் 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்டது. திருத்திய தொகுப்பில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று படிகள் இருக்கின்றன. விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது.

2010-இல் விஞ்ஞானிகள் சிலர் மின்சார மிச்சத்தை அளக்க 'ரோசன்ஃபெல்ட்' என்றே ஒரு அலகு வைக்கலாம் என்றனர். ஒரு ரோசன்ஃபெல்ட் என்பது ஆண்டுக்கு 300 கோடி யூனிட். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று, ஆண்டின் 70 விழுக்காடு அளவுக்கு ஓடி, கம்பியில் 7 விழுக்காடு இழந்து, நுகர்வோருக்குத் தருவது ஏறத்தாழ இவ்வளவுதான். சரிதானா என்று போட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான மூன்று பிஸ்கட் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன் மூடிக்குக் கறுப்பு வர்ணமும், இன்னொன்றன் மூடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் பூசுங்கள். மூன்றாவது மூடியைப் பளபளப்பான தகரமாகவே விடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, இடைவெளியைப் பஞ்சால் அடையுங்கள். டப்பாக்களின் பக்கங்களைச் செய்தித்தாளால் பல சுற்றுச் சுற்றி, காலை 11 மணி முதல் 3 மணிவரை மொட்டை மாடியில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை அளவு எடுங்கள். கறுப்பு அதிகம் சூடாகும், வெள்ளை குறைவாகச் சூடாகும். இது நீங்கள் எதிர்பார்ப்பதே. பளபளக்கும் தகரம் வெயிலை நன்றாகத் திருப்பியனுப்பியும் வெள்ளையைப்போல் குளிர்ச்சியாக இருக்காது. ஏன்? ஒரு பொருள் வெயிலைத் திருப்புவது வேறு, தான் பெற்ற சூட்டை அகச்சிவப்பாக வெளியே வீசுவது வேறு என்பதை நினைவில் வைத்து விடை தேடுங்கள். இரண்டு வாரம் கழித்து, தூசி படிந்த அதே மூடிகளைத் துடைக்காமல் மறுபடியும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வரையுங்கள்.